வி.ஆருக்காகக் கணினியை எப்போது மாற்றுவது?

கேள்வி: 11 ஜூன் 2022

என்னிடம் இருப்பது ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். சென்ற மாதம் குவெஸ்ட் 2 என்ற வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட் கைக்கு வந்தது. கேபிள் வழியாக இணைத்து அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய விளையாட்டை ஓட்டுகிறேன். பத்தே நிமிடத்தில் வயிற்றைப் பிரட்டுகிறது. என்விடியாவின் 40 வரிசைக் கார்டுகள் வரப்போகின்றன என்கிறார்கள். அதுவரை யாரும் எதையும் வாங்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

11 ஜூன் 2022, இரவு

மறுக்கிறேன். வாங்குவதா காத்திருப்பதா என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் கணினி ஒரு பிரேமை, அதாவது ஒரு படத்தை, வரைந்து முடிக்க எத்தனை மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது, அதில் பிராசசருக்கு எவ்வளவு, கார்டுக்கு எவ்வளவு? அது தெரியாமல் 40 வரிசையைப் பற்றிப் பேசுவது, காய்ச்சல் பார்க்காமல் மாத்திரை வாங்குவது.

எஃப்.பி.எஸ். (விநாடிக்கு எத்தனை பிரேம்) சராசரியை நம்பாதீர்கள். நூறு பிரேமில் ஐந்து தாமதமாக வந்தாலும் சராசரி அழகாகவே இருக்கும். அந்த ஐந்துதான் வயிற்றைப் பிரட்டுகிறது. ஸ்டீம் வி.ஆர். மென்பொருளுக்குள்ளேயே பிரேம் நேர வரைபடம் இருக்கிறது. எஃப்.பி.எஸ். வி.ஆர். என்ற சிறிய கருவி விலைக்குக் கிடைக்கிறது. அதைப் போட்டால் ஹெட்செட்டைக் கழற்றாமலே மணிக்கட்டில் எண்களைப் பார்க்கலாம். ஒரே தடம், ஒரே கார் எண்ணிக்கை, மூன்று சுற்று. பிறகு எழுதுங்கள்.

12 ஜூன் 2022

நேற்று எழுதியதில் காரணத்தை விட்டுவிட்டேன்.

90 ஹெர்ட்ஸ் ஹெட்செட் ஒவ்வொரு 11.1 மில்லி விநாடிக்கும் ஒரு படத்தைக் கேட்கிறது. மேசைத் திரையில் 12 மில்லி விநாடி ஆனால் யாருக்கும் தெரியாது. ஹெட்செட்டில் 12 ஆனால் அந்தப் படம் வண்டியைத் தவறவிட்டது. அடுத்த வண்டி 22.2இல். நடுவில் கிளம்பும் வண்டி கிடையாது. இடைவெளியை நிரப்ப மென்பொருள் ஒரு பொய்ப் படத்தைச் செய்து காட்டும். குவெஸ்ட்டின் ஆக்குலஸ் தரப்பில் அதற்கு ஸ்பேஸ்வார்ப் என்று பெயர், ஸ்டீம் தரப்பில் மோஷன் ஸ்மூத்திங். கார் பந்தயத்தில் பக்கத்தில் பறக்கும் வேலிக் கம்பிகள் நெளிவதைக் கண்டிருப்பீர்கள். அது இதன் வேலை.

ஆகவே இது படிக்கட்டு, சரிவுப் பாதை அல்ல. இப்போது 12 மில்லி விநாடி எடுக்கும் ஒருவர் பத்து சதவீதம் வேகமான கார்டு வாங்கினால் 10.9க்கு வந்துவிடுவார், அவருக்கு உலகமே மாறிவிடும். 20 எடுக்கும் இன்னொருவர் நாற்பது சதவீதம் வேகமான கார்டு வாங்கினால் 14.3. அவர் நின்ற படியிலேயே நிற்பார், பணம்தான் இறங்கியிருக்கும். கார்டு விமர்சனங்களில் வரும் எந்தச் சதவீதமும் இதைச் சொல்லாது, ஏனென்றால் அவை மேசைத் திரைக்கு எழுதப்பட்டவை.

காசில்லாத மேம்பாடு ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. குவெஸ்ட் 2ஐ 72 ஹெர்ட்ஸில் வையுங்கள். 11.1 என்ற வாசல் 13.9 ஆக அகலமாகும்.

12 ஜூன் 2022, மாலை

"பெட்டியில் போட்டிருக்கும் தேவைப் பட்டியல் போதாதா?" என்று கேட்டவருக்கு.

2016 மார்ச்சில் ஆக்குலஸின் ரிஃப்ட் ஹெட்செட் வந்தபோது பரிந்துரைத்தது ஐ5-4590, ஜிடிஎக்ஸ் 970. அந்தக் கார்டு 2014 செப்டம்பரில் வந்தது. 2016 அக்டோபரில் ஸ்பேஸ்வார்ப்பை அறிவித்தபோது குறைந்தபட்சத் தேவை ஜிடிஎக்ஸ் 960க்கு இறங்கியது. ஹெட்செட் அதேதான், மென்பொருள் மாறியது, தேவை இறங்கியது. பட்டியல் என்பது ஒரு நாளில் ஒருவர் கோடு கிழித்த இடம். உங்கள் விளையாட்டும் உங்கள் கண்ணும் அதில் இல்லை.

14 ஜூன் 2022

என் கதையைச் சொல்லாமல் பிறருக்குப் புத்தி சொல்வது முறையாகாது.

ஐ5-7500 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டு, ரிஃப்ட் எஸ் ஹெட்செட். ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் என்ற வி.ஆர். விளையாட்டு 2020 மார்ச்சில் வந்தபோது இந்தக் கணினியில் குறைந்த அமைப்பில் நன்றாகவே ஓடியது. அந்த விளையாட்டு கேட்ட குறைந்தபட்சமே 1060தான். அதே ஆண்டு டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் பிளைட் சிமுலேட்டருக்கு வி.ஆர். வந்தது. அங்கேதான் என் கணினி படுத்துவிட்டது.

எனக்கு விமானம் ஓட்டும் ஆசை பெரிதாக இல்லை. அப்பாவுக்காகத்தான். அவர் ஊர் மேலூர்ப் பக்கம். அறுபத்தெட்டு வயதுவரை விமானம் ஏறியதில்லை. அந்த விளையாட்டில் உலகம் முழுவதும் செயற்கைக்கோள் படத்தில் இருக்கிறது என்று சொன்னதும், "நம் கண்மாய் தெரியுமா?" என்றார். மதுரை விமான நிலையத்திலிருந்து ஏறி, வடகிழக்கே யானைமலையைத் தாண்டினால் போதும், காட்டிவிடலாம் என்று வாக்குக் கொடுத்தேன்.

2021 மார்ச். கார்டுகள் கிடைக்காத காலம். அமெரிக்காவில் 499 டாலருக்கு அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3070ஐ ரிச்சி தெருவில் ரூ. 82,000க்கு வாங்கினேன். அளக்கவே இல்லை. 1060இலிருந்து 3070 என்றால் இரண்டு மடங்குக்கு மேல், வேறென்ன வேண்டும் என்ற எண்ணம்.

அப்பாவை உட்கார வைத்தேன். விமானம் ஏறியது. ஊர் தெரியத் தொடங்கும் இடத்தில், தாழப் பறந்து இடப்பக்கம் சாய்த்தேன். படம் திக்கியது. விட்டுவிட்டுத் திக்கியது. அப்பா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு "கழற்று, கழற்று" என்றார். அன்று இரவு சாப்பிடவில்லை. அம்மா என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம்தான் அளந்தேன். ஒரு பிரேமுக்குக் கார்டு 17 மில்லி விநாடி. பிராசசர் 27, சாயும்போது 35. ரிஃப்ட் எஸ் 80 ஹெர்ட்ஸ், ஆகவே படிகள் 12.5, 25, 37.5. நான் 25ஐத் தவறவிட்டு 37.5இல் விழுந்துகொண்டிருந்தேன். ஆயிரம் பேர் பந்தியில் மாவு அரைக்கும் கை ஒன்றே ஒன்று. நான் போய் இன்னொரு தோசைக்கல் வாங்கி வைத்திருக்கிறேன்.

14 ஜூன் 2022, பின்னிரவு

எப்படிச் சரிசெய்தேன் என்று எழுத மறந்துவிட்டேன். ஓராண்டு ஒன்றும் செய்யவில்லை, மனம் வரவில்லை. சென்ற மாதம் பி550 மதர்போர்டும் ரைசன் 7 5800எக்ஸ்3டியும் வாங்கினேன். ஏப்ரலில்தான் வெளிவந்தது. 96 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம். பிளைட் சிமுலேட்டர் அதை விழுங்கிக்கொள்கிறது. பழைய ரேமையே மாட்டினேன். பிராசசர் 13, கார்டு 19. கார்டின் எண் ஏன் ஏறியது என்றால், மிச்சம் கிடைத்த நேரத்தில் மேகங்களைக் கூட்டினேன். 25 என்ற படியில் ஆடாமல் அசையாமல் 40 பிரேம். அது போதும். விமானம் காரைப் போல் அல்ல, அடிவானம் மெதுவாகத்தான் நகரும்.

18 ஜூன் 2022

கேள்வி கேட்டவர் எண்களை அனுப்பியிருக்கிறார். பிராசசர் 9, கார்டு 17. இருபத்து நான்கு கார்களோடு கிளம்பும்போது பிராசசர் 12.

உங்கள் நோய் என் நோய்க்கு நேர் எதிர். உங்களுக்குக் கார்டுதான் குறை. ஆனால் இன்றைக்கே கடைக்கு ஓட வேண்டாம். அசெட்டோ கோர்சாவில் கண்ணாடிகளின் தரத்தைக் குறையுங்கள். பின்பக்கக் காட்சியை அது மறுபடியும் வரைகிறது. நிழல்களை ஒரு படி இறக்குங்கள். ரெசல்யூஷனைச் சிறிது குறையுங்கள். 72 ஹெர்ட்ஸ். 13.9க்குள் வருகிறதா பாருங்கள்.

சோதனை ஒன்று: ரெசல்யூஷனைப் பாதியாக்கிப் பாருங்கள். கார்டின் நேரம் விழுந்து படம் சீரானால் குறை கார்டில். திக்கல் அப்படியே இருந்தால் பிராசசரில். ஐந்து நிமிட வேலை. 2021இல் எனக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் ரூ. 82,000 என் கையில் இருந்திருக்கும்.

19 ஜூன் 2022

திருத்தம். 13.9 என்று எழுதினேன், அது முழு வாசல். ஹெட்செட்டின் சொந்த வேலைக்கு அதில் சிறிது போய்விடும். குவெஸ்ட் போன்றவை கேபிளில் வந்தாலும் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகின்றன. அந்தச் சுருக்கலும் உங்கள் கார்டின் தலையில்தான். 12.5ஐக் குறியாக வையுங்கள். 13.8இல் ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டவர் ஒரு திருப்பத்தில் கீழே விழுவார்.

19 ஜூன் 2022

வைஃபையில் விளையாடுபவர்களுக்கு: கணினியிலிருந்து ரவுட்டருக்குக் கம்பி, ரவுட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு 5 கிகா ஹெர்ட்ஸ், இரண்டும் ஒரே அறையில். இதைச் செய்யாமல் கார்டைக் குறை சொல்லாதீர்கள்.

2 ஜூலை 2022

மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 1060 எடுத்தது 120 வாட். 3070 எடுப்பது 220. என் மேசைக்கடியில் இருந்த 600 விஏ யூபிஎஸ், விமானம் ஏறும்போதெல்லாம் கீச்சிட்டது. அது தருவதே ஏறத்தாழ 360 வாட்தான். கணினியும் திரையும் சேர்ந்து அதைத் தொட்டுவிட்டன. 1,100 விஏ வாங்கினேன். பவர் சப்ளை 650 வாட். கார்டு விலையோடு இவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கணக்கு பொய்.

சென்னையில் இன்னொன்றும் உண்டு. மே மாதத்தில் மூடிய அறையில் 220 வாட்டைக் கொளுத்தினால் முகத்தில் வியர்வை, லென்சில் ஆவி. நாங்கள் ஜூலைவரை மாலை ஆறுக்குமேல்தான் பறக்கிறோம்.

20 செப்டம்பர் 2022

15ஆம் தேதி எத்தீரியம் என்ற மின்பணம், கார்டுகளைக் கொண்டு கணக்குப் போட்டு உருவாக்கும் சுரங்க முறையைக் கைவிட்டது. பயன்படுத்திய கார்டுகள் சந்தைக்கு வந்து கொட்டுகின்றன. கேள்வி கேட்டவரே, உங்கள் நாள் இது. அமைப்புகளைக் குறைத்து மூன்று மாதம் ஓட்டினீர்கள், 14இல் நிற்கிறீர்கள், கீழே இறங்க வழியில்லை என்று எழுதினீர்கள். அப்படியானால் வாங்கும் நேரம் வந்துவிட்டது. 3060 டிஐ பாருங்கள். 200 வாட், 8 ஜிபி. பிராசசர் 9இல் இருப்பதால் கார்டுக்கு வழி திறந்தே இருக்கிறது.

பழைய கார்டை உங்கள் கண்ணெதிரே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மெமரியின் வெப்பத்தையும் பாருங்கள், சிப்பின் வெப்பத்தை மட்டும் அல்ல. விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

16 அக்டோபர் 2022

அவர் வாங்கிவிட்டார். 9.6. 90 ஹெர்ட்ஸ், நாற்பது நிமிடம், வயிறு சரியாக இருக்கிறது என்கிறார். எனக்கு அவரைவிட மகிழ்ச்சி.

12ஆம் தேதி 4090 வெளிவந்தது. 1,599 டாலர், 450 வாட். இவர் காத்திருந்தால் இதற்காகத்தான் காத்திருந்திருப்பார். 40 வரிசையில் இவர் பையில் அடங்கும் கார்டு வர இன்னும் எத்தனை மாதமோ. அந்த மாதங்களை இவர் இப்போதே ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

8 ஜனவரி 2023

மூன்று வாரமாக ஒரு உறுத்தல்.

அப்பாவின் தலைசுற்றலை முழுக்கப் பிராசசர்மேல் போட்டேன். புதிய பிராசசர் வந்த பிறகும் அவரால் பதினைந்து நிமிடத்துக்குமேல் உட்கார முடியவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்ற மாதம் அவருக்குக் கண்ணாடி மாற்றப் போனபோது கடைக்காரர் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து சொன்னார்: 68 மில்லி மீட்டர். எனக்கு 63. ரிஃப்ட் எஸ்ஸில் லென்சுகளை நகர்த்த முடியாது; மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றலாம், அவ்வளவுதான். நடுத்தர அளவுக்காரர்களுக்குச் செய்யப்பட்டது. அப்பா அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறார்.

பிராசசரை மாற்றியது தவறில்லை, 35 என்ற எண் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது காரணம் அவர் முகத்திலேயே இருந்தது, நான் பார்க்கவில்லை. கணினிக்குப் பணம் ஒதுக்கும் முன் அந்தத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். கண்ணாடிக் கடையில் இரண்டு நிமிடம். வீட்டில் யார் யார் மாட்டுவார்களோ எல்லோருக்கும்.

29 அக்டோபர் 2023

குவெஸ்ட் 3 இந்த மாதம் வந்தது. அத்தான் டல்லாஸிலிருந்து தீபாவளிக்கு வருகிறார், கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். லென்சுகளைச் சக்கரத்தைத் திருப்பி நகர்த்தலாம். அதற்காகவே.

வாங்கும் முன் கணக்கு. ரிஃப்ட் எஸ் ஒரு கண்ணுக்கு 1280 × 1440. குவெஸ்ட் 3 ஒரு கண்ணுக்கு 2064 × 2208. ஏறத்தாழ இரண்டரை மடங்கு புள்ளிகள். என் 3070 நேற்றுவரை போதுமான கார்டு. தீபாவளி அன்று போதாத கார்டு ஆகிவிடும். அதற்கு ஒரு நாள்கூட வயதாகியிருக்காது. கார்டு வெளியான ஆண்டை வைத்து "பழையது" என்பவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஹெட்செட்டை முதலில் முடிவு செய்யுங்கள். கார்டு அதன் பின்னால் வரட்டும்.

குவெஸ்ட் 2இலிருந்து 3க்குப் போகிறவர்களுக்கு அவ்வளவு அடி இல்லை. 1832 × 1920தான் பழையது. முப்பது சதவீதம் கூடும்.

26 நவம்பர் 2023

அளந்தேன். பிராசசர் 13, மாற்றமில்லை. கார்டு, ரெசல்யூஷனை நன்றாக இறக்கிய பிறகும் 26. 72 ஹெர்ட்ஸில் இரண்டாவது படி 27.8. விளிம்பில் நிற்கிறேன். அதைவிட மோசம், 8 ஜிபி மெமரி நிரம்பிவிடுகிறது; நிரம்பிய நொடியில் 60, 70 என்று ஒரு துள்ளல். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கியதும் துள்ளல் நின்றது. கண்ணாடிபோல் தெளிவான லென்சில் மங்கலான விமானக் கருவிகள். மனம் ஒப்பவில்லை.

23 டிசம்பர் 2023

விண்டோஸில் வி.ஆர். ஹெட்செட்டுகளை இயக்கும் மிக்ஸ்டு ரியாலிட்டி மென்பொருளை விலக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் இந்த மாதம் அறிவித்திருக்கிறது. அதை நம்பி ஓடும் ரிவர்ப் ஜி2 ஹெட்செட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு 2160 × 2160, இன்றும் அருமையான திரை. அதற்காகப் பெரிய கார்டு வாங்கும் எண்ணத்தில் இருந்தால் நிறுத்துங்கள். ஹெட்செட்டின் ஆயுளைவிட நீண்ட ஆயுள் கொண்ட கார்டை அதற்கென்று வாங்காதீர்கள்.

4 பிப்ரவரி 2024

4070 சூப்பர் வாங்கினேன். ஜனவரி 17இல் வந்தது, 12 ஜிபி. தேர்ந்தெடுத்த காரணம் பலருக்கு விநோதமாக இருக்கலாம்: 220 வாட். என் 3070 எடுத்த அதே அளவு. பவர் சப்ளை, யூபிஎஸ், அறையின் வெப்பம் எதையும் தொட வேண்டாம். 3070ஐ அக்காள் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் மேசைத் திரையில் விளையாடுகிறான், அங்கே அது ராஜா.

கார்டு 18. பிராசசர் 13, 14. டெக்ஸ்சர் பழைய தரத்துக்கு ஏறிவிட்டது, துள்ளல் இல்லை.

11 பிப்ரவரி 2024

"18 என்றால் இன்னும் 27.8 படியில்தானே நிற்கிறீர்கள்? படி ஏறாத செலவு வீண் என்று எழுதியது நீங்கள்தானே?"

சரியான கேள்வி. அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் விரிக்க வேண்டும். படி ஏறவில்லை, விளிம்பிலிருந்து படியின் நடுவுக்கு வந்தேன். 26இல் இருந்தபோது ஒரு மேகக் கூட்டம் போதும், கீழே விழ. இப்போது பத்து மில்லி விநாடி கையிருப்பு. 2022இல் நான் இதைச் சொல்லாதது என் தவறு. ஏறுவதற்கு வாங்கலாம், விழாமல் நிற்பதற்கும் வாங்கலாம். நின்ற இடத்திலேயே நிற்க வாங்கக் கூடாது.

6 அக்டோபர் 2024

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்துவிட்டது. மிக்ஸ்டு ரியாலிட்டி அதில் இல்லை. ஜி2 வைத்திருப்பவர்கள் 23எச்2இலேயே இருங்கள்.

12 ஜனவரி 2025

50 வரிசை அறிவிப்பு வந்த நாளிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், நான் மாற்றுகிறேனா என்று.

இல்லை. கணக்கு இதோ. அடுத்த படி 13.9, கையிருப்போடு 12.5. என் கார்டு 18, பிராசசர் 14. கார்டை மட்டும் மாற்றினால் பிராசசர் தடுக்கும். என் மதர்போர்டில் விமானத்துக்கு 5800எக்ஸ்3டியைவிட நல்லதை மாட்ட முடியாது. ஆகவே மதர்போர்டு, ரேம், பிராசசர், கார்டு நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். நான்கில் ஒன்றை வாங்கி மற்றதற்குக் காத்திருந்தால் 2021 மறுபடியும் வரும். நான்கையும் வாங்கும் பணம் இந்த ஆண்டு வேறு வேலைக்கு ஒதுக்கியாயிற்று.

16 ஜனவரி 2025

பொங்கலுக்கு அப்பா வந்திருந்தார். லென்ஸ் சக்கரத்தை 68க்குத் திருப்பி மாட்டிவிட்டேன். மதுரையில் ஏறி, தெப்பக்குளத்தை வலப்பக்கம் வைத்து, யானைமலைக்கு மேலாகப் போனோம். தாழ இறக்கி இடப்பக்கம் சாய்த்தேன், அன்று திக்கிய அதே இடத்தில். எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்: 19, 19, 20. அப்பா நாற்காலியைப் பிடிக்கவில்லை. வலது கையை நீட்டிக் காற்றில் எதையோ காட்டினார். கரை தெரிந்தது, மடை இருக்கும் மூலை தெரிந்தது.

"தண்ணீர் இல்லையே," என்றார். "எந்த மாதம் எடுத்த படம் இது?"